தணிக்கை நாளில் வந்த நேர்காணல்

நடந்தவை, வரிசையாக:

1. முதுநிலைப் படிப்புக்காக மூன்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தேன். பாடம், பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் பொறியியல்.
2. முதலாவதன் இணையதளம், எனக்கு இந்தியாவில் குடியிருப்பு அனுமதி எண் இல்லை என்பதால், விண்ணப்பத்தை அனுப்பவே விடவில்லை.
3. இரண்டாவது நிராகரித்தது. காரணம் சொல்லவில்லை.
4. மூன்றாவது, ஜெர்மனியில் இருப்பது, நேர்காணலுக்குக் கூப்பிட்டது.
5. நேர்காணல் வைத்த அதே பிற்பகலில் எங்கள் முகாமில் தணிக்கை என்று அறிவித்தார்கள்.
6. இரண்டிலும் கலந்துகொண்டேன்.
7. நேர்காணல் தொடங்கியவுடன் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தேன்.
8. நடுவில் எழுந்து வெளியே போனேன். திரும்பி வந்தேன்.
9. முடிவு வந்தது.
10. அதற்குப் பிறகுதான் வீட்டில் பேச்சு தொடங்கியது.

இந்தப் பட்டியலை மன்னாரில் இருக்கும் என் பெரியம்மா மகள் ஷாமினிக்கு அனுப்பினேன். உடனே குரல் பதிவு வந்தது. "இது என்ன, கதையோ, சீமெந்துக் கணக்கோ? ஆக்கள் வாசிக்கிற மாதிரி எழுதித் தா. ஊர்ச் சஞ்சிகையில போடுவம். இங்க கம்பஸ் முடிச்ச பிள்ளையள் எல்லாம் கேக்குதுகள், அகதியா இருந்துகொண்டு அவள் எப்பிடி அப்ளை பண்ணினவள் எண்டு."

அதனால் எழுதுகிறேன். எல்லா எண்களுக்கும் விளக்கம் தரப் போவதில்லை. மூன்றாவதைப் பற்றி, எடுத்துக்காட்டாக, எனக்கே ஒன்றும் தெரியாது.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் ஜெனிற்றா. அந்தோனிப்பிள்ளையின் மூத்த மகள். ஐந்து வயதில் படகில் கொண்டுவரப்பட்டேன். இப்போது சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடிக்குப் பேருந்தில் போய் வருகிற தூரத்தில் உள்ள ஒரு மறுவாழ்வு முகாமில் இருக்கிறோம். அப்பாவுக்குக் கட்டடங்களுக்கு வர்ணம் அடிக்கிற வேலை. அம்மா காரைக்குடியில் ஒரு பலகாரக் கடையின் அடுக்களையில் தேன்குழல் பிழிகிறார். தங்கை டிலானி இங்கே பிறந்தவள், பதினோராம் வகுப்பு. நான் சிவில் என்ஜினியரிங் படித்துவிட்டு, பழைய செட்டிநாட்டு வீடுகளைச் செப்பனிடும் ஒரு அலுவலகத்தில் அளவெடுக்கும் வேலையில் இருக்கிறேன்.

உங்களுக்கு வெளிநாடு என்றால் கனடா, பிரான்ஸ். எங்களுக்கு வெளிநாடு காரைக்குடி. கடல் தாண்டி வந்த ஊர்தான். விமானத்தில் வராததால் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

2

"குடியுரிமை" என்ற இடத்தில் இலங்கையைத் தேர்ந்தெடுத்தேன். "வசிக்கும் நாடு" இந்தியா. அதுவரை தடை இல்லை. அடுத்தது, "வசிக்கும் நாட்டில் உங்கள் குடியிருப்பு அனுமதி எண்". பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது.

எங்களுக்கு முகாம் அடையாள அட்டை உண்டு. ரேஷன் அட்டை உண்டு. அனுமதி எண் கிடையாது. சட்டத்தின் கணக்கில் நாங்கள் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தவர்கள் அல்ல. அந்தத் தளத்தில் "நீங்கள் அகதியா?" என்று தனியாக ஒரு கட்டம் இருந்தது. நிம்மதியாக அதைத் தட்டினேன். அது ஐ.நா. அட்டையின் எண்ணைக் கேட்டது. இங்கே முகாமில் எங்களைப் பதிவு செய்து வைத்திருப்பது மாநில அரசு. ஐ.நா. அட்டை எங்கள் யாரிடமும் இல்லை. ஆக, அகதி என்று காட்டவும் முடியவில்லை. அகதி இல்லை என்று சொல்லி நகரவும் முடியவில்லை.

என் பக்கத்து மேசையில் வேலை செய்பவள் ரஹ்மத். கல்லூரியிலும் என் பக்கத்து இருக்கைதான். அவள் எட்டிப் பார்த்தாள்.

"ஏதாச்சும் ஒரு நம்பரப் போட்டு விடு புள்ள. பூரா சைபராப் போடு. மெஷின்தான பாக்குது?"

"மெஷினுக்கு அப்புறம் மனுஷன் பாப்பான்."

"பாக்கட்டும். மனுஷன் பாத்தாத்தான நீ பேச முடியும்? இப்ப உன்னைய மெஷினே வெளிய நிப்பாட்டிருச்சு."

நான் சைபர் போடவில்லை. பொய் எண் ஒன்றைக் கொடுத்துவிட்டு அதை எல்லா இடத்திலும் நினைவு வைத்துக்கொள்வது எனக்குத் தெரிந்த வேலை அல்ல. ஆனால் அவள் சொன்னதில் ஒரு பாதி சரி. மனிதன் பார்க்க வேண்டும். எனவே மூன்றாவது பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பே ஒரு பக்கத்தில் இரண்டு பத்தி போட்டுக் கடிதம் அனுப்பினேன். இடது பக்கம், என்னிடம் இருக்கும் ஆவணங்கள், ஒவ்வொன்றையும் யார் கொடுத்தார்கள், அது எதை நிரூபிக்கிறது. வலது பக்கம், நீங்கள் கேட்டு என்னிடம் இல்லாதவை, ஏன் இல்லை. வருத்தம், நன்றி, தாழ்மை எதுவும் இல்லாமல் எழுதினேன். சேர்க்கைப் பிரிவிலிருந்து ஓர் அம்மையார் பதில் போட்டார்: "இப்போது புரிகிறது. எண் கேட்கும் கட்டத்தில் 'இணைப்பைப் பார்க்க' என்று எழுதுங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்."

ஷாமினி, அந்தப் பிள்ளைகளிடம் இதைச் சொல். கட்டம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கட்டத்தோடு சண்டை போட வேண்டாம். கட்டத்தை வைத்தவருக்கு எழுதலாம்.

4

அவர்கள் நான் வரைந்த வரைபடங்களையும் கேட்டிருந்தார்கள். என் தினசரி வேலையே அதுதான். காலையில் முதல் பேருந்து, அலுவலகத்தில் லேசர் மீட்டரை எடுத்துக்கொண்டு பள்ளத்தூருக்கோ கானாடுகாத்தானுக்கோ போவோம். ஒரு தெருவில் வாசல் வைத்து அடுத்த தெருவில் பின்கட்டு முடிகிற வீடுகள். பூட்டியே கிடந்த அறைகளுக்குள் ரஹ்மத் விளக்குப் பிடிக்க, நான் அளவு சொல்ல, அவள் எழுதுவாள். தேக்குத் தூண் எங்கே இறங்கியிருக்கிறது, சுண்ணாம்புப் பூச்சு எங்கே சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது, மழைத்தண்ணீர் எந்த வழியாக உள்ளே வந்தது. விரலால் தட்டினால் பிரிந்த பூச்சு வேறு மாதிரிச் சத்தம் கொடுக்கும். அந்த வரைபடங்கள் நிறைய இருந்தன. அனுப்பினேன்.

அதோடு இன்னொன்றும் அனுப்பினேன். மன்னாரில் எங்கள் வீட்டின் வரைபடம்.

அந்த வீடு இப்போது இல்லை. எனக்கு அதில் நினைவிருப்பது ஒரு கிணற்றுக்கட்டும், காலில் சுட்ட மணலும். அதுவும் என் நினைவா, அம்மா சொல்லிக் கேட்டதா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய் வந்த பிறகு, மடிக்கணினியைத் திறந்து வைத்து, "வீட்டைச் சொல்லுங்கள், வரைகிறேன்" என்றேன். அரை மணி நேர வேலை என்று நினைத்தேன்.

"குசினி வாசல் கிணத்தைப் பார்த்து இருந்தது" என்று அடுக்களையிலிருந்து தொடங்கினார் அம்மா.

"கிணத்தைப் பார்த்தோ? ரோட்டைப் பார்த்து" என்றார் அப்பா.

"நீங்கள் எப்ப குசினிக்க வந்தனீங்கள், வாசல் தெரியிறதுக்கு?"

"நான்தானே அந்தக் கதவுக்குப் பெயின்ட் அடிச்சது!"

"அது அடிச்ச கிழமையே உரிஞ்சு விழுந்தது. அதைச் சொல்லுங்கோவன்."

டிலானி சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். "ரெண்டு கதவு இருந்திருக்கும். அங்குட்டு ஒண்ணு, இங்குட்டு ஒண்ணு. இதுக்கு எதுக்கு ரெண்டு பேரும் கத்துறீக?"

அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தார். "இஞ்ச பார், இந்தியாக்காரி தீர்ப்புச் சொல்லிப்போட்டாள்."

டிலானி சிரித்தாள். அந்தப் பெயர் அவளுக்குப் பிடிக்கும். ஊரைப் பற்றிப் பேச்சு வந்தால் காதில் பாட்டு மாட்டிக்கொள்கிற பிள்ளை அவள். மன்னாரை வரைபடத்தில் காட்டச் சொன்னால் காட்டுவாள், சிவகங்கையைக் காட்டுவது போலத்தான். அம்மா "வளவு கூட்டு" என்றால் அவளுக்கு முற்றம் நினைவுக்கு வரும். அம்மா சொல்வது வேலிக்கு உட்பட்ட காணி முழுவதையும். அவள் முற்றத்தை மட்டும் கூட்டிவிட்டு வந்து உட்காருவாள். அம்மா மிச்சத்தைக் கூட்டுவார். இதைப் பெரிய துக்கமாக எழுத எனக்கு வரவில்லை. அவள் எங்கே பிறந்தாளோ அந்த ஊர்க்காரியாக இருக்கிறாள்.

அன்று இரண்டு வரைபடம் வந்தது. அம்மா சொன்ன வீடு ஒன்று, அப்பா சொன்ன வீடு ஒன்று. சுவர்கள் பொருந்தவில்லை. எது சரி என்று என்னால் சொல்ல முடியாததால் இரண்டையும் அனுப்பினேன், "நேரில் அளக்கப்படவில்லை" என்ற குறிப்போடு.

5, 6

தணிக்கை என்றால் என்ன என்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். நாங்கள் "செக்கிங்" என்போம். வருவாய் ஆய்வாளர் வருவார். ஆர்.ஐ. என்றுதான் எல்லோரும் சொல்வது. சமூகக் கூடத்தில் மேசை போடுவார்கள். ஒலிபெருக்கியில் குடும்பத் தலைவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். வீட்டிலிருந்து ஒருவர் எழுந்து நின்று, எத்தனை பேர், யார் வந்திருக்கிறார்கள், வராதவர் எங்கே என்று உரக்கச் சொல்ல வேண்டும். பிறகு ஒவ்வொருவராக முகம் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா பெரும்பாலும் வேலையில் இருப்பார். அம்மா ஒலிபெருக்கிக்குப் பயப்படுவார். அதனால் எங்கள் வீட்டில் எழுந்து நிற்பது, பள்ளிக்கூட நாளிலிருந்து, நான்தான்.

தணிக்கை நாள் முன்கூட்டியே தெரியாது. முந்தின நாள் சொல்வார்கள். நேர்காணலுக்கு முந்தின நாள் சொன்னார்கள்.

எனக்கு இருந்த வழிகள்:

அ) பல்கலைக்கழகத்திடம் வேறு நாள் கேட்பது. கேட்டேன். அந்தக் குழு அன்றோடு கலைகிறது என்றார்கள்.

ஆ) தணிக்கைக்குப் போகாமல் அலுவலகத்தில் இருந்து பேசுவது. ஆனால் நாட்டை விட்டு வெளியேற அனுமதி கேட்கும்போது முகாமிலிருந்து தடையில்லை என்று எழுதித்தர வேண்டும். ஆள் இல்லை என்று பதிவான பெண்ணுக்கு யார் அப்படி எழுதுவார்கள்? தவிர அப்பா போன தணிக்கைக்கும் இல்லை. எங்கள் வீட்டின் மேல் ஏற்கெனவே ஒரு கண் இருந்தது.

இ) முகாமில் இருந்தே பேசுவது.

இ-யைத் தேர்ந்தெடுத்தேன். சமூகக் கூடத்துக்கு அடுத்தது பால்வாடி. பிற்பகலில் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். ஆசிரியை சாவி கொடுத்தார். ரஹ்மத் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுத் தன் அண்ணன் கத்தாரிலிருந்து அனுப்பிய போனோடு வந்தாள். அவள் போனுக்கு மட்டும்தான் முகாமில் நெட் நிற்கும், அதுவும் தெற்குப் பக்கத்து ஜன்னல் கம்பியில் கட்டி வைத்தால். கட்டினோம். பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மடிக்கணினியை வைத்தேன். என் முதுகுக்குப் பின்னால் சுவரில் அணில், ஆடு, இலை. மேலே அலுவலகக் கோட்டு. கீழே வீட்டில் போடுகிற பாவாடை. கேமராவுக்கு மேல்பாதி போதும் என்று கணக்கு.

ரஹ்மத் வாசலில் காவல் உட்கார்ந்தாள். என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்த பெண்களிடம் அவள் சொன்னது உள்ளே வரை கேட்டது. "சத்தம் போடாதீக அக்கா. உள்ள ஜெர்மனி இருக்கு."

7

திரையில் மூன்று பேர். நடுவில் வெள்ளை முடியோடு ஒரு பேராசிரியை. இடப்பக்கம் ஓர் இளைய பேராசிரியர். வலப்பக்கம், எனக்குப் பதில் எழுதிய சேர்க்கைப் பிரிவு அம்மையார். பேராசிரியை தாளைப் பார்த்து, முதலில் இருந்த பெயரை வாசித்தார்.

"மிஸ் அந்தோனிப்பிள்ளை?"

நான் எழுந்து நின்றேன். நின்றது மட்டும் இல்லை. வெளியே ஒலிபெருக்கி ஓடிக்கொண்டிருந்ததோ என்னவோ, உரத்த குரலில், தமிழில், "நாலு பேர் சார்! மூணு பேர் இருக்கோம், அப்பா வேலைக்குப் போயிருக்காக!" என்றேன்.

வாசலில் ரஹ்மத் "யா அல்லாஹ்" என்றது கேட்டது.

திரையில் என் சதுரத்தைப் பார்த்தேன். தலை இல்லை. கோட்டின் கடைசிப் பொத்தானும், அதற்குக் கீழே பூப்போட்ட பாவாடையும். ஜெர்மனியில் மூன்று பேரும் அசையாமல் இருந்தார்கள்.

உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் உள்ளதைச் சொன்னேன். "இங்கே அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் குடும்பத்தில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும். பல வருடப் பழக்கம். என் பெயர் ஜெனிற்றா. அந்தோனிப்பிள்ளை என் தந்தை. அவர் இப்போது ஒரு சாரத்தின் மேல் நிற்கிறார்."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "இப்போது அந்த அறையில் எத்தனை பேர்?"

"நான் ஒருத்தி."

"அப்படியானால் தொடங்கலாம், ஜெனிற்றா."

அதற்கு மேல் எனக்குப் பதற்றம் இல்லை. இதைவிட மோசமாக ஒன்றும் நடக்காது என்று தெரிந்துவிட்டால் பேச்சு சுலபமாக வரும். சுவரை வெட்டாமல் உள்ளே ஈரம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று எப்படிப் பார்ப்பீர்கள் என்று இளையவர் கேட்டார். சொன்னேன். சிமென்ட் வைத்துப் பூசிய இடத்தில் சுண்ணாம்புச் சுவர் ஏன் அழுகுகிறது என்று கேட்டார். கடந்த மழைக்கு நாங்கள் உரித்துப் பார்த்த ஒரு வீட்டின் சுவரைச் சொன்னேன். அவர் குறிப்பெடுத்தார். நான் அவர் குறிப்பெடுப்பதைக் கவனித்தேன்.

பிறகு பேராசிரியை அந்த இரண்டு வரைபடங்களையும் திரையில் கொண்டுவந்தார்.

"ஒரே வீடு, இரண்டு வரைபடம். எது சரி?"

"தெரியாது. இரண்டும் சரியாக இருக்க முடியாது. இரண்டும் தவறாக இருக்கலாம்."

"அந்த இடத்துக்குப் போய் நின்றால் எங்கிருந்து தொடங்குவீர்கள்?"

"கிணற்றிலிருந்து. இரண்டு பேரும் கிணற்றை ஒரே இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள். வீட்டை இடித்தவர்கள் கிணற்றை எடுத்துக்கொண்டு போயிருக்க முடியாது. அதிலிருந்து அடித்தளத்தைத் தேடுவேன்."

அவர் தலையாட்டியபோது வெளியே ஒலிபெருக்கி கரகரத்தது.

"அந்தோனிப்பிள்ளை!"

இந்த முறை உண்மையான அழைப்பு.

8

"எனக்குச் சில நிமிடம் வேண்டும்" என்றேன். "நான் சொன்ன அந்த எண்ணிக்கை இப்போதுதான் நடக்கிறது. போகாவிட்டால் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு வர என்னால் அனுமதி கேட்க முடியாது."

"போய் வாருங்கள்" என்றார் பேராசிரியை. சேர்க்கைப் பிரிவு அம்மையார் கையை அசைத்து, ஓடு என்பது போலக் காட்டினார்.

கூடத்தில் அம்மாவும் டிலானியும் மேசைக்கு முன்னால் நின்றார்கள். ஆர்.ஐ. என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"என்னம்மா இது, மேல கலெக்டரு, கீழ சமையக்கட்டு?"

கூடம் முழுக்கச் சிரித்தது. டிலானிதான் அதிகம் சிரித்தாள்.

"இன்டர்வியூ சார். வெளிநாட்டுக் காலேஜ். பால்வாடியில கம்ப்யூட்டர்ல காத்திருக்காக."

"அவுக காத்திருக்கட்டும். அந்தோனிப்பிள்ளை எங்க? போன தடவையும் ஆளைக் காணோம். நீங்கபாட்டுக்கு வேலைக்குப் போயிருக்காகன்னு சொல்லிட்டுப் போயிருவீக. மேல இருந்து கேட்டா நான்ல பதில் சொல்லணும்?"

"நாட்டரசன்கோட்டையில வேலை சார். சாரத்துல இருக்காக. நீங்க அஞ்சு மணி வரைக்கும் ஆபீஸ்ல இருப்பீகளா?"

"இருப்பேன். அதுக்கு?"

"அஞ்சு மணிக்குள்ள அப்பா உங்க முன்னால வந்து நிப்பாக. நின்னா இருக்காருன்னு எழுதுங்க. நிக்கலேன்னா இல்லேன்னு எழுதுங்க. இப்ப ரெண்டும் எழுத வேணாம்."

அவர் பேனாவை மூடித் திறந்தார். எனக்குப் பின்னால் அம்மா மூச்சு விடுவது கேட்டது. பேரம் பேசுவது போல இருந்துவிடக் கூடாது என்று கையைக் கட்டாமல், நேராக நின்றேன்.

"அஞ்சுன்னா அஞ்சு" என்றார். "அஞ்சே காலுக்கு வந்து பஸ் கிடைக்கலேன்னு கதை சொல்லக் கூடாது. கையெழுத்தப் போட்டுட்டு ஓடுங்க. ஜெர்மனிக்காரன் பாவம்."

நான் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினேன். அம்மா ஏற்கெனவே அப்பாவுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். "இறங்குங்கோ. ஏன் எண்டு கேக்காமல் இறங்குங்கோ."

திரையில் மூவரும் அப்படியே இருந்தார்கள். பேராசிரியை கடைசியாக ஒன்று கேட்டார்.

"உங்களுக்கு இடம் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அனுமதி கிடைக்காமல் போனால் அந்த இடம் வீணாகும். வேறொரு மாணவர் இழந்திருப்பார். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?"

இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்து ஒரு பதிலை எழுதி வைத்திருந்தேன். நன்றியும் பணிவுமாக ஒரு பதில். அதைச் சொல்லவில்லை.

"அனுமதி கொடுப்பது என் கையில் இல்லை. கேட்பது என் கையில் இருக்கிறது. கேட்க வேண்டிய அலுவலகங்கள், அவற்றின் வரிசை, ஒவ்வொன்றுக்கும் வேண்டிய தாள்கள் எனக்குத் தெரியும். கிடைக்காது என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. இடத்தை எனக்குக் கொடுங்கள். கிடைக்காது என்று தெரிந்த அன்றே உங்களுக்கு எழுதிவிடுவேன்."

"சரி" என்றார். அவ்வளவுதான். சதுரங்கள் மறைந்தன. ரஹ்மத் ஜன்னலிலிருந்து போனை அவிழ்த்து, "சூடு தாங்கல, இதுல தோசை சுடலாம்" என்றாள்.

அப்பா ஐந்து மணிக்கு முன்பே ஆர்.ஐ. அலுவலகத்துக்குப் போய்விட்டார். முடியெல்லாம் வெள்ளை, மீசையில் பச்சை. ஆர்.ஐ. பார்த்தவுடன், "யோவ், ஆளை வரச் சொன்னா செவுரே வந்து நிக்குது" என்றாராம். இருக்கிறார் என்று எழுதிக்கொண்டார்.

9, 10

பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம் மின்னஞ்சலில் வந்தபோது நான் பள்ளத்தூரில் ஒரு மச்சின் மேல் இருந்தேன். உதவித்தொகையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். கீழே நின்ற ரஹ்மத்திடம் கத்திச் சொன்னேன். அவள், "முதல்ல அளவச் சொல்லு, பாதியில நிக்குது" என்றாள். சொன்னேன். எழுதிவிட்டுத்தான் அழுதாள். என் அலுவலக முதலாளி கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "இனி உங்க இடத்துக்கு ஆள் தேடணுமே. இந்த வேகத்துல அளக்கிற ஆளு எங்க கெடைப்பாக?" என்று என்னையே கேட்டார். அவருக்கு வாழ்த்து அப்படித்தான் வரும்.

அன்று மாலை வீட்டில் சொன்னேன். எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிறகு நான் மிச்சத்தையும் சொன்னேன். மறைத்துச் சொல்வதில் பயனில்லை. அனுமதி வாங்கி இந்தியாவை விட்டு வெளியேறினால் முகாம் பதிவிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவார்கள். அதற்கு நானே சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு இங்கே வருவதென்றால் இலங்கைக் கடவுச்சீட்டோடு, விசா வாங்கி, வெளிநாட்டவளாக வர வேண்டும். விசா கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

அம்மா கையில் இருந்த பலகாரப் பொட்டலத்தைக் கீழே வைத்தார். "அப்ப நீ திரும்பி வாறது எங்க?"

"இலங்கைக்கு எப்பவும் போகலாம் அம்மா. அங்க குடியுரிமை இருக்கு."

"அங்க எங்கட வீட்டில ஆர் இருக்கினம்? நாங்கள் இஞ்சயல்லோ இருக்கிறம்?"

இத்தனை வருடமும் எங்கள் வீட்டில் "போவது" என்றால் எல்லோரும் சேர்ந்து மன்னாருக்குப் போவது. ஒருவர் மட்டும், அதுவும் வேறு திசையில் போவது அந்தச் சொல்லுக்குள் இல்லை. அப்பா நகத்தில் இருந்த வர்ணத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

டிலானிதான் பேசினாள். "எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீக? ஃபாரினரா வருவா. கானாடுகாத்தான் பங்களாவுல ரூம் போட்டுத் தங்குவா. நாம போய்ப் பாப்போம். நம்மளுக்கே வீட்டச் சுத்திக் காட்டி, இது பர்மாத் தேக்கும்பா."

"உன்னை உள்ள விட மாட்டேன்" என்றேன்.

"விடாத. எனக்கு உன் கட்டில் போதும்."

அம்மா சிரிக்கவில்லை. பொட்டலத்தை எடுத்து உள்ளே வைத்தார். மறுநாள் காலை, வேலைக்குப் புறப்படும் முன், வாசலில் நின்றுகொண்டு சொன்னார்.

"போ பிள்ளை. படிக்கிற பிள்ளையை நான் மறிக்க மாட்டன். ஆனா உன்ர பேரை வெட்டச் சொல்லிக் கையெழுத்து வைக்கிற அண்டைக்கு என்னைக் கூப்பிடாத. படகில உன்னை மடியில வச்சுக் கொண்டுவந்து அந்தப் பேரைப் பதிஞ்சது நான்."

"கூப்பிட மாட்டேன் அம்மா" என்றேன். அவர் பேருந்துக்குப் போய்விட்டார்.

அந்தத் தாளில் கையெழுத்துப் போட நான் தனியாகத்தான் போனேன். எழுத்தர் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்து, முழுவதும் படித்து, ஒரு இடத்தில் வருடம் தவறாக இருந்ததைத் திருத்தச் சொல்லி, திருத்திய பிறகு போட்டேன். திரும்பி வரும் பேருந்தில் மட்டும் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன்.

அன்று இரவு அம்மா தட்டில் சோறு போட்டார். மீன் துண்டு இரண்டு வைத்தார். அது வழக்கமாக அப்பாவின் பங்கு.

இன்றைய நிலை இது. கடவுச்சீட்டு கைக்கு வந்துவிட்டது. முகாமிலிருந்து தடையில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வெளியேறும் அனுமதிக்கான கோப்பு சிவகங்கையில் ஆட்சியர் அலுவலகத்தைத் தாண்டிச் சென்னைக்குப் போயிருக்கிறது. அங்கிருந்து பதில் வரவில்லை. பல்கலைக்கழகத்துக்கு இதை அப்படியே எழுதினேன். வகுப்பு தொடங்குவதற்குள் வர முடியாவிட்டால் இடத்தை அடுத்த ஆண்டுக்கு வைத்திருப்பதாகப் பதில் வந்தது. அனுமதி வருகிற நாளில் என் பெயர் இங்கே நீக்கப்படும். அம்மாவுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். நான் போகிறேன்.